பதினைந்தாவது நோட்டு

இத்தாலி மொழியில் கை பெண்பால். இந்த ஒரு விஷயத்தால் இம்மானுவேல் மூன்று வாரமாக மானம் கெட்டுக்கொண்டிருந்தார்.

'மானோ' என்று ஓகாரத்தில் முடிகிறது. ஓகாரத்தில் முடிந்தால் ஆண், ஆகாரத்தில் முடிந்தால் பெண் என்று சொல்லிக் கொடுத்ததும் அதே வாத்தியார்தான். அதை நம்பி ஒரு நல்ல மனிதர் "இல் மானோ" என்று வாயைத் திறந்தால், பின் பெஞ்சிலிருந்து "லா மானோண்ணே" என்று ஒரு குரல் வரும். வகுப்பே சிரிக்கும். அந்தக் குரல் வேறு யாருடையதாவது இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆரப்பாளையத்து லாட்ஜ் மாடியில் இருக்கும் அவருடைய துப்பறியும் நிலையத்தில் இரண்டு வருடமாக உதவியாளராக இருக்கும் அன்னக்கொடியின் குரல் அது.

இரண்டு பேரும் அங்கே படிக்கப் போனவர்கள் அல்ல. காளவாசலில் அச்சகம் வைத்திருக்கும் அழகுபாண்டி, அதன் மாடியில் இத்தாலி மொழி வகுப்பும் நடத்துகிறார். அந்த நாட்டு முதியோர் இல்லங்களுக்கு வேலைக்குப் போக ஆசைப்படும் நர்சுகள்தான் பெரும்பாலும் மாணவர்கள். தன் வகுப்புப் பிள்ளைகளை யாரோ வேறு வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. மாணவர்கள் மாதிரி உட்கார்ந்து ஆளைப் பிடியுங்கள் என்றார். நின்றுபோன மூன்று பேரும் கல்யாணமாகி நின்றவர்கள் என்பதை அன்னக்கொடி முதல் நாளே கீழே டீக்கடையில் விசாரித்துவிட்டாள். வழக்கு முடிந்தது. மாதக் கடைசி வரைக்கும் சும்மா வந்து படியுங்கள் என்று அழகுபாண்டி பெரிய மனது பண்ணினார். அங்கேதான் வினை பிடித்தது.

வாத்தியார் மரியராஜ் நன்றாகச் சொல்லிக் கொடுப்பவர். சாமியாராவதற்காக ரோமாபுரியில் எட்டு வருடம் படித்து, கடைசிப் படியில் அங்கி வேண்டாம் என்று ஊர் திரும்பியவர்.

"நம்ம ஊர்ல ஆளுக்கு மட்டும்தான் திரு, திருமதி. அங்க பொருளுக்கும் உண்டு. மேசை ஆம்பளை, அதுக்கு இல். நாற்காலி பொம்பளை, அதுக்கு லா" என்பார்.

"அதான் சார், மேசை சும்மா நிக்கிது, நாற்காலி எல்லாரையும் சொமக்குது" என்பாள் அன்னக்கொடி. மரியராஜ் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

எழுத்தின் தலையில் போடும் அழுத்தக் கோட்டைத் தொப்பி என்பார் அவர். தொப்பி எந்த எழுத்தின் மேல் இருக்கிறதோ அங்கே குரலை இறக்கி அழுத்த வேண்டும். 'எ' எழுத்தின் மேல் தொப்பி இடப்பக்கம் சாய்ந்தால் வாயை அகலத் திற, வலப்பக்கம் சாய்ந்தால் சுருக்கு. அன்னக்கொடிக்கு இது சோற்றில் உப்புப் போடுவது மாதிரி வந்தது. இம்மானுவேலின் தொப்பிகளோ காற்றடித்த கூரை மாதிரி எல்லாப் பக்கமும் பறந்தன. போன வெள்ளிக்கிழமை, ஒரு தொப்பிகூடத் தப்பாமல் எழுதியதற்கு அன்னக்கொடிக்கு ஒரு சின்ன இத்தாலிய அகராதியைப் பரிசாகக் கொடுத்தார் வாத்தியார். திங்கட்கிழமை அந்த அகராதி அவள் மேசையிலிருந்து காணாமல் போனது.

அது எங்கே இருக்கிறது என்று இம்மானுவேலுக்கு நன்றாகத் தெரியும். ஃபைல் ரேக்குக்குப் பின்னால் அதைச் செருகியவர் அவர்தான். நாற்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், சர்ச்சில் காணிக்கை எடுக்கிற ஆள். செருகும்போது மனதுக்கு இதமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஃபைல் ரேக் பக்கம் திரும்பவே கூச்சமாக இருந்தது.

இப்படி இருக்கையில்தான், வியாழக்கிழமை, சரஸ்வதி பூஜை அன்று மதியம் ஒன்றரை மணிக்கு, நர்ஸ் உடுப்போடு ஜெனி லாட்ஜ் மாடிப்படி ஏறி ஓடி வந்தாள். அந்த வகுப்பின் முதல் மாணவி அவள்.

"அண்ணே, என் நோட்டைக் காணோம்."

"எப்ப இருந்து?"

"காலையில பூஜை வரைக்கும் பைக்குள்ளதான் இருந்துச்சு. பூசணிக்காய் உடைக்கிறதைப் பாக்கப் பையை வகுப்பு மாடியிலேயே வச்சுட்டு ஒங்க எல்லாரோடயும் கீழ போனேன். ஆஸ்பத்திரியில இருந்து போன் வரவும் பையைத் தூக்கிட்டு ஓடிட்டேன். இப்ப சாப்பிட உக்காந்து தொறந்தா, நோட்டு இல்லை."

எட்டு மாத நோட்டு அது. ஆண் சொல் நீலத்தில், பெண் சொல் சிவப்பில், தொப்பிகள் பச்சையில். வகுப்பில் எல்லோரும் அதை ஒரு தடவையாவது கடன் கேட்டிருப்பார்கள்.

"விடிஞ்சா பரீட்சை" என்றார் இம்மானுவேல். "ஒரு நாள் நோட்டு இல்லாட்டி என்னம்மா? உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே."

ஜெனி உதட்டைக் கடித்தாள். "நோட்டு போனாப் போகுதுண்ணே. அட்டைக்கு உள்பக்கம் பாஸ்போர்ட்டைச் செருகி வச்சிருந்தேன். காப்பி எடுத்துட்டு, பத்திரமா இருக்கட்டும்னு."

அன்னக்கொடி வாயில் இருந்த பொரியை மெல்வதை நிறுத்தினாள்.

பரீட்சை கம்ப்யூட்டர் வழியாக இத்தாலியிலிருந்து நடக்கிறது. விஜயதசமி என்றெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. காலை எட்டரைக்குக் கேமரா முன்னால் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். காட்டாதவருக்குக் கேள்வித்தாள் திறக்காது. அடுத்த பரீட்சை ஏழு மாதம் கழித்து. ஒரு முதியோர் இல்லம் இந்த வகுப்பிலிருந்து ஒரே ஒருவரை எடுக்கப் போகிறது. முதல் மதிப்பெண் யாருக்கோ அவருக்கு.

"பாஸ்போர்ட் உள்ள இருக்கிறது யாருக்குத் தெரியும்?"

"யாருக்குமே தெரியாதுண்ணே. திருப்பூர்ல இருக்க எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது."

"நீ போகலைன்னா அந்த இடம் யாருக்கு?"

ஜெனி தயங்கினாள். "மீனாவுக்கு. ஆனா அவ அப்படிச் செய்ய மாட்டாண்ணே."

செய்யாதவர்களை எல்லாம் இப்படித்தான் சொல்வார்கள், செய்தவர்களையும் இப்படித்தான் சொல்வார்கள் என்பது இம்மானுவேலின் பன்னிரண்டு வருட அனுபவம்.

* * *

காளவாசல் முக்கில் கால் வைக்க இடமில்லை. கடைக்குக் கடை வாழைக்கன்று கட்டியிருந்தது. குங்குமம் தடவிய பூசணித் துண்டுகள் சாலை முழுக்கச் சிதறிக் கிடந்தன. அச்சகத்துக்கு எதிரே டீக்கடை போட்டிருக்கும் கருப்பு, கேட்டதும் சொல்லிவிட்டார்.

"முத்துமீனா பாப்பாவா? பூசணிக்காய் உடைஞ்ச சத்தம் அடங்கறதுக்குள்ள ஓடுச்சு. பொரிகூட வாங்கலை. ஒரு நோட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, ஆட்டோவுல ஏறி ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுன்னுச்சு."

"என்ன நோட்டு?"

"காக்கி அட்டை. மேல ஒங்க வகுப்பு முத்திரை."

அன்னக்கொடி இடுப்பில் கை வைத்தாள். "அண்ணே, இது சரியில்லை. இன்னைக்கு எங்க சனம் நோட்டுப் புஸ்தகத்தைச் சாமிக்கு வச்சா, நாளைக்குப் பூஜை பிரிக்கிற வரைக்கும் தொட மாட்டாக. எங்கப்பா இன்னைக்குப் பேப்பர்கூடப் படிக்க மாட்டாரு. அவ நோட்டைத் தூக்கிட்டு ஓடுறான்னா, அது அவ நோட்டா இருக்காது."

"எடு வண்டியை" என்றார் இம்மானுவேல். முத்துமீனாவுக்கு வாடிப்பட்டி.

எக்ஸ்எல் வண்டியை அன்னக்கொடிதான் ஓட்டுவாள். அவருக்கு முழங்கால் வலி. சமயநல்லூர் தாண்டியதும் காற்று வாங்கிக்கொண்டே அவள் பரீட்சை வைக்க ஆரம்பித்தாள்.

"வீடு?"

"லா காஸா."

"புஸ்தகம்?"

"இல் லீப்ரோ."

"மாணவன்?"

"இல் ஸ்டுடென்தே."

"லோ! லோ ஸ்டுடென்தே. இல்லுன்னு சொன்னா நாக்கு சுளுக்கிக்கும்னு சார் எம்புட்டு தடவை சொன்னாரு?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு தாயி."

"எங்க போனதோ அந்த டிக்சனரி. அது இருந்தா ஒங்களுக்குத்தான் குடுத்திருப்பேன்" என்றாள் அவள். இம்மானுவேல் வயல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

வாடிப்பட்டியில் ரேஷன் கடைக்குப் பின் தெரு. முத்துமீனாவின் வீட்டில் அவளுடைய அப்பா டிராக்டருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார். கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் முதல் டிராக்டர் அது. விளக்குமாறு முதல் மண்வெட்டி வரை பொட்டு வைத்திருந்தது. முத்துமீனா மட்டும் கண்ணில் படவில்லை.

"பாப்பா தலைவலின்னு படுத்திருக்கு" என்றார் அப்பா.

அன்னக்கொடி நேரே உள்ளே போனாள். தலைவலிக்காரி கதவைச் சாத்திக்கொண்டு, போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் காக்கி அட்டை நோட்டு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். அன்னக்கொடி நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வர, இம்மானுவேல் அட்டையைப் புரட்டினார். நீலம் இல்லை, சிவப்பு இல்லை, பச்சை இல்லை. ஒரே கறுப்பு மை. முதல் பக்கத்தில் முத்துமீனாவின் பெயர்.

"உன் நோட்டுதானா?"

பின்னாலேயே வந்த முத்துமீனா அப்பாவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"சத்தமாப் பேசாதீங்கண்ணே. அப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். விடிஞ்சா பரீட்சை, ஒரு நாள் முழுக்க நோட்டைச் சாமிகிட்ட விட்டுட்டு எப்படிண்ணே? கடையில புதுசா ஒண்ணு வாங்கி, அட்டை போட்டு, வெறும் நோட்டைச் சாமிக்கு வச்சுட்டு வந்துட்டேன். சரஸ்வதியையே ஏமாத்திட்டேன்."

"ஏமாத்துனதுதான் ஏமாத்துன, பொரியை வாங்கிட்டு வந்திருக்கலாம்ல" என்றாள் அன்னக்கொடி.

"ஜெனி நோட்டைக் காணோம்" என்றார் இம்மானுவேல்.

முத்துமீனாவின் அழுகை நின்றது. விஷயம் புரிந்ததும் முகம் சிவந்தது.

"அதுக்கா வந்தீங்க? எனக்குப் பொறாமை இருக்குண்ணே. இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிரும். நான் ராத்திரி பகலாப் படிச்சாலும் எனக்கு வராதது அவளுக்குத் தானா வருது. சார் அவ பேசும்போது கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பாரு, நான் பேசும்போது கடிகாரத்தைப் பாப்பாரு. எரியத்தான் செய்யும். அதுக்காகத் திருடுவேனா? அவளை மார்க்குல முந்துனாத்தான எனக்கு ஆறும்?"

அந்தப் பதிலில் பொய்யில்லை என்று இம்மானுவேலுக்குத் தோன்றியது. திருடிப் பெற்ற முதலிடம் வயிற்றெரிச்சலுக்கு மருந்தாகாது.

"பூஜையில நோட்டை எல்லாம் யார் அடுக்குனது?"

"நாந்தாண்ணே. சந்தனமும் குங்குமமும் நாந்தான் வச்சேன். ஒவ்வொண்ணா எண்ணித்தான் அடுக்குனேன், என் வெறும் நோட்டை யாரும் பெரட்டிப் பாத்துறக் கூடாதுன்னு பயம். மொத்தம் பதினாலு. நீங்களும் ஜெனியும் வேதக்காரங்க, ஒங்க நோட்டு வைக்கலை."

* * *

திரும்புகிற வழியெல்லாம் இம்மானுவேல் யோசித்துக்கொண்டே வந்தார்.

அவர் யோசித்தது திருடனைப் பற்றியல்ல, தன்னைப் பற்றி. அந்த அகராதியை ஏன் கிழிக்கவில்லை? ஏன் வைகையில் எறியவில்லை? எறிய வேண்டும் என்று தோன்றவே இல்லை. கொஞ்ச நாள் அவள் கையில் இல்லாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. பிறகு ஒருநாள் தானே தேடி எடுப்பதுபோல எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்திருந்தார். பொறாமைக்காரன் திருடன் இல்லை. திருடனுக்குப் பொருள் வேண்டும். பொறாமைக்காரனுக்கு அது அவளிடம் இல்லாமல் இருந்தால் போதும். பாம்பின் கால் பாம்பறியும் என்று சும்மா சொல்லவில்லை.

ஜெனியின் நோட்டை எடுத்த ஆளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். பாஸ்போர்ட் உள்ளே இருப்பது தெரியாது. நாளை எட்டரை மணி வரை நோட்டு அவள் கையில் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த நேரம் வரை யாரும் தொடாத இடம் காளவாசலில் எது?

"அன்னக்கொடி, வகுப்புல பூஜை எப்பப் பிரிப்பாக?"

"நாளைக்குப் பத்தரைக்கு மேலதான் நல்ல நேரம்னு அழகுபாண்டி அண்ணன் சொன்னாரு."

"வேகமாப் போ."

"இப்பத்தான ரோட்டைப் பாருன்னீங்க" என்றாள் அவள். ஆனால் முறுக்கினாள்.

வகுப்பறைக்குள் நுழைந்தபோது மணி ஐந்தேகால். ஜெனி டியூட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்து, கடைசி பெஞ்சில் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். மரியராஜ் ஜன்னல் ஓரமாக நின்றிருந்தார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் நீளப் பலகையில், ஓடு வேய்ந்தது போல ஒன்றின் மேல் ஒன்று சரித்து நோட்டுகள் அடுக்கியிருந்தன. எல்லாம் ஒரே காக்கி அட்டை. ஒவ்வொன்றின் மேல் விளிம்பிலும் சந்தனப் பொட்டும் நடுவில் குங்குமமும்.

இம்மானுவேல் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"தொடாதீங்க!" வாசலில் அழகுபாண்டி கத்தினார். "எட்டி நின்னுக்கங்க அண்ணாச்சி. எங்க அச்சு மிஷினையே இன்னைக்குத் தொட மாட்டோம். பூஜையைக் கலைச்சா வருசம் விளங்காது."

"தொடலைங்க. கண்ணால எண்ணுறேன்."

அன்னக்கொடியும் கூடவே எண்ணினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினைந்து.

"எது பெறகு வந்து சேந்ததுன்னு பாரு" என்று மெதுவாகச் சொன்னார்.

அன்னக்கொடி கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். இடப்பக்கமிருந்து ஒன்பதாவதில் அவள் பார்வை நின்றது.

"அண்ணே, மீனா மோதிர வெரல்ல தொட்டு வச்சிருக்கா. பதினாலும் பொட்டுக்கடலை கணக்கா உருண்டையா இருக்கு. இதைப் பாருங்க, கட்டை வெரல் அகலம். அதுவும் வைக்கலை, இழுத்திருக்கு. மேல இருந்து கீழ ஒரு இழுப்பு, குறுக்க ஒரு இழுப்பு. கட்டை வெரல்ல இப்படிப் பொட்டு வைக்கிறவளை நான் பொறந்ததுல இருந்து பாத்ததில்லை."

இம்மானுவேல் பார்த்திருக்கிறார். தினமும் பார்க்கிறார். அவர் சிஎஸ்ஐ சபை, அவர் பக்கம் அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் அவர் மனைவி ஞானம் ஆர்.சி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, நெற்றியில் கட்டை விரலால் கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று சிலுவை போட்டுத்தான் அனுப்புவாள். கை அதுவாகப் போகும். அவசரத்தில் சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்ட ஒரு கை, எதன் மேல் வைக்கிறோம் என்பதை மறந்து, பழகின போக்கில் போயிருக்கிறது.

காலையில் எல்லோரும் பூசணிக்காய் உடைப்பதைப் பார்க்கக் கீழே போனபோது, "வெளக்கு எரியுது, ஒருத்தர் இருக்கணும்ல" என்று மாடியில் நின்றவர் யார் என்பது அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"சார், ஒரு நிமிஷம்" என்று மரியராஜின் தோளைத் தொட்டுப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்.

* * *

மரியராஜ் மறுக்கவில்லை. கதவு சாத்தியதுமே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில நானே எடுத்துக் குடுத்திருப்பேன்."

"பத்தரைக்கு. பரீட்சை எட்டரைக்கு."

"ஒரு நாள் படிக்காட்டி அஞ்சு மார்க் கொறையும். அம்புட்டுத்தான் நெனச்சேன். முதல் எடம் போகும், பாஸாகிருவா. அடுத்த வருசம் போகட்டுமேன்னு."

"நோட்டு அட்டைக்குள்ள அவ பாஸ்போர்ட் இருக்கு சார்."

மரியராஜின் முகம் வெளுத்துப்போனது. இம்மானுவேல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"சத்தியமாத் தெரியாதுங்க."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். ஏன் சார்? ஒங்க மாணவிதான?"

அவர் பாட்டிலை மூடிக் கீழே வைத்தார். பிறகு பாடம் நடத்துகிற குரலிலேயே சொன்னார். "நான் சொல்லிக் குடுத்த நாப்பத்தோரு பேர் அங்க இருக்காங்க. பெருநாளுக்குப் பெருநாள் போட்டோ அனுப்புவாங்க. எனக்குத் தெரிஞ்ச தெருவுல, எனக்குத் தெரிஞ்ச காப்பிக்கடை முன்னாடி நின்னுக்கிட்டு. நல்லாயிரும்மான்னு பதில் போடுவேன். நானும் மூணு தடவை விசாவுக்குப் போட்டேன், மூணு தடவையும் இல்லைன்னுட்டாங்க. அதெல்லாம் பொறுத்துக்கிட்டேன். போன வாரம் அந்த இல்லத்து அம்மா வீடியோவுல பேசுனாங்க. ஜெனி பேசுனதைக் கேட்டுட்டு, நீ இங்க எந்த ஊர்ல இருந்தேன்னு கேட்டாங்க. அவ கொடைக்கானலைத் தாண்டுனதில்லை. அடுத்து நான் பேசுனேன். ரெண்டு நிமிஷம் கேட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"இங்கிலீஷ்லயே பேசலாமேன்னாங்க."

இம்மானுவேலுக்கு அதட்ட வாய் வரவில்லை. எட்டு வருடம் ரோமாபுரியில் இருந்தவரின் எரிச்சல் ஒரு நோட்டின் மேல் விழுந்தது. ஒரு 'மானோ'வுக்காக அகராதியை ஒளித்துவைத்த ஆள் அதை எந்த முகத்தோடு கேட்பது?

"நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்லை சார். சொல்றதும் சொல்லாததும் ஒங்க பாடு. ஆனா நோட்டு இப்ப வெளிய வரணும்."

வெளியே வந்து மரியராஜ்தான் பேசினார். "பாண்டி சார், ஜெனி நோட்டு அடுக்குல கலந்திருக்கு. நாந்தான் உள்ள வச்சேன். அதை எடுக்கணும்."

"விடிஞ்சுதான் எடுக்கணும் சார். சாமிக்கு வச்சதை எடுக்கலாமா?"

"அண்ணே" என்றாள் அன்னக்கொடி, "சாமிக்கு வச்சது பதினாலுதான். மீனா எண்ணி வச்சிருக்கா. பதினஞ்சாவதைச் சாமி கேக்கவே இல்லையே. கேக்காததைக் குடுத்துட்டு அந்தப் புள்ளை பொழப்பை எடுத்துக்கன்னா, சரஸ்வதிக்கே கோவம் வந்துரும்."

அழகுபாண்டி தலையைச் சொறிந்தார். சரஸ்வதி படத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, சூடம் ஏற்றி, "தாயே பொறுத்துக்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒன்பதாவது நோட்டை இரண்டு கையாலும் உருவி எடுத்தார்.

ஜெனி ஓடி வந்து வாங்கினாள். அட்டைக்கு உள்பக்கம் விரலை விட்டாள். பாஸ்போர்ட் இருந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் நோட்டை மூடியவள், மேல் விளிம்பைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவளும் ஆர்.சி. குடும்பம்தான். அந்தக் கோடுகளை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வகுப்பில் அவளைத் தவிர இன்னொரு ஆர்.சி. யார் என்பதையும்.

"நீங்களா உள்ள வச்சீங்க சார்?"

"ஆமாம்மா."

"தெரியாமயா?"

மரியராஜ் வாயைத் திறந்தார். இத்தாலி மொழியில் ஒரு தொப்பியைத் தவறவிடாத அந்த வாத்தியாருக்குத் தமிழில் ஒரு சொல் வரவில்லை. தலை மட்டும் மெல்ல, இல்லை என்று அசைந்தது.

அறையில் சூடம் எரிந்து அடங்கியது. ஜெனியின் கண் கலங்கியது. கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். திட்டப் போகிறாள் என்றுதான் இம்மானுவேல் நினைத்தார். திட்டினால் நியாயம்தான்.

அவள் அவருக்கு முன்னால் வந்து தலையைக் குனிந்தாள்.

"நாளைக்கு எட்டரைக்குப் பரீட்சை. காலையில ஒங்களைப் பாக்க நேரம் இருக்காது. இப்பவே நெத்தியில போட்டு விடுங்க சார்."

மரியராஜ் பின்வாங்கினார். "வேண்டாம்மா. எனக்கு அந்தத் தகுதி இல்லை."

"போடுங்க சார்."

அவருடைய கட்டை விரல் அவள் நெற்றியைத் தொட்டது. கீழே இறங்கியது. குறுக்கே பட்டும் படாமலும் போனது.

"நல்லா அழுத்திப் போடுங்க" என்றாள் ஜெனி, தலை நிமிராமலே. "நோட்டுல அழுத்தித்தான போட்டிருக்கீங்க."

எட்டு வருடம் சாமியாருக்குப் படித்த அந்த மனிதர், சரஸ்வதி படத்துக்கு முன்னால் விம்மி விம்மி அழுதார்.

* * *

கீழே இறங்கி வந்து கருப்பு கடையில் டீ சொன்னார்கள். அன்னக்கொடி மீதிப் பொரியைக் கொட்டி இரண்டு பங்கு வைத்தாள். இம்மானுவேல் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னக்கொடி, அந்த டிக்சனரி இருக்குல்ல."

"எந்த டிக்சனரி?"

"சார் ஒனக்குக் குடுத்தது. எலி ஒண்ணும் தூக்கிட்டுப் போகலை. நாந்தான் ஃபைல் ரேக்குக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சேன். எனக்குப் பொறுக்கலை."

சொல்லிவிட்டார். உலகம் இடிந்து விழவில்லை. கருப்பு டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

அன்னக்கொடி ஒரு பிடி பொரியை வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

"செவ்வாய்க்கிழமையே தெரியும்ணே. துப்பறியுற எடத்துலதான வேலை பாக்குறேன்."

"பெறகு ஏன் கேக்கலை?"

"கேட்டா சங்கடப்படுவீக. மதியம் சாப்பிட்டு நீங்க ஒரு மணி நேரம் தூங்குவீகள்ல? அப்ப எடுத்துப் படிச்சுட்டு, இருந்த எடத்துலயே செருகிருவேன். எல் எழுத்து வரைக்கும் வந்துட்டேன்."

இம்மானுவேல் அவளைப் பார்த்தார். இரண்டே நாளில் எல் வரை. வயிற்றுக்குள் பழைய இடத்தில் மறுபடியும் ஏதோ எரிய ஆரம்பித்தது.